ரைடுக்குத் துண்டு போடக் காசு: தீம் பார்க் டிக்கெட், முன்பதிவு பற்றி எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் சின்னதாக ஒரு டிராவல்ஸ் கடை நடத்துகிறேன். ரயில் டிக்கெட், திருச்சி விமான நிலையத்துக்குக் கார், சிங்கப்பூர், மலேசியா பயணம், இதுதான் பிழைப்பு. முழுப் பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகளோடு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். முன்பெல்லாம் கேள்வி ஒன்றே ஒன்று: "டிக்கெட் எவ்வளவுண்ணே?" இப்போது எக்ஸ்பிரஸ் பாஸ், லைட்னிங் லேன், ஸ்லாட், விர்ச்சுவல் கியூ என்று ஒரு அகராதியே தேவைப்படுகிறது. ஒரே பதிலை நாளுக்கு நாலு தடவை சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே இருப்பவற்றை ஒரு மட்டம் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போக டிக்கெட் வாங்கியாச்சு. ரைடுக்கு எதற்குத் தனியாக முன்பதிவு?

முகூர்த்த நாளில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் உள்ளே நுழையும்போது என்ன நடக்கும்? ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், சில சமயம் குழந்தையே இறங்கும். பஸ்ஸில் ஏற எல்லோருக்கும் உரிமை உண்டு. உட்கார, துண்டு போட்டிருக்க வேண்டும். தீம் பார்க்கிலும் அதே கதை. நுழைவுச் சீட்டு பஸ்ஸில் ஏறும் உரிமை. ரைடு முன்பதிவு என்பது துண்டு.

இதில் மூன்று தினுசு இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பணம் கட்டுகிறார்கள். முதலாவது, பூங்காவுக்குள் வரும் தேதியையே பதிவு செய்வது. கொரோனாவுக்குப் பிறகு கூட்டத்தை மட்டுப்படுத்த டிஸ்னி பூங்காக்களில் வந்தது. ஃப்ளோரிடாவில் தேதி போட்ட டிக்கெட்டுகளுக்கு 2024 ஜனவரியில் இதை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது விர்ச்சுவல் கியூ. புதிதாகத் திறந்த ரைடுக்கு ஆள் நிற்காமல் செல்போனில் வரிசை எண் கொடுப்பது. 2019 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஸ்டார் வார்ஸ் ரைடு ஒன்று திறந்தபோது இந்த முறை பிரபலமானது. இதற்குக் காசில்லை, ஆனால் தட்கல் மாதிரி குறித்த நொடியில் விரல் ஓட வேண்டும். மூன்றாவதுதான் காசு விஷயம்: வேக வரிசைப் பாஸ். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவில் எக்ஸ்பிரஸ், டிஸ்னியில் லைட்னிங் லேன், டோக்கியோவில் பிரீமியர் ஆக்சஸ், நம் பக்கம் ஃபாஸ்ட் டிராக் என்று பெயர் மட்டும் மாறும்.

இதெல்லாம் முன்னால் இலவசமாக இருந்தது என்று அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சொல்கிறாரே, உண்மையா?

உண்மைதான். மச்சானுக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தது 1955 ஜூலை 17. உள்ளே போக ஒரு டாலர். ரைடுக்கு ரைடு தனிக் காசு. நம் ஊர்த் திருவிழாப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு ஒரு சீட்டு, மரணக் கிணற்றுக்கு ஒரு சீட்டு என்று வாங்குகிறோமே, அதேதான். கொஞ்ச நாளில் சீட்டுகளைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். ஏ, பி, சி என்று தரம் பிரித்து, பின்னால் டி சேர்ந்து, 1959-ல் இ சீட்டும் வந்தது. ஏ என்றால் குட்டி ரைடு, இ என்றால் பெரிய தலை. வீட்டு அலமாரியில் ஏ சீட்டாக மிஞ்சிக் கிடக்கும், இ சீட்டு மட்டும் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். 1982-ல் இந்தப் புத்தகத்தை ஒழித்து, ஒரே டிக்கெட், எத்தனை ரைடு வேண்டுமானாலும் போ என்று ஆக்கினார்கள்.

ஒரே டிக்கெட் என்றதும் வரிசை நீண்டது. அதற்கு மருந்தாக 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ரைடு வாசலில் ஒரு மெஷின், அதில் டிக்கெட்டைச் செருகினால் "இத்தனை மணிக்கு வா" என்று ஒரு துண்டுச் சீட்டு. சல்லிக் காசு கிடையாது. மச்சான் சொல்வது இதைத்தான். 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடியபோது அதுவும் நின்றது. மறுபடி திறந்த பிறகு அது திரும்பி வரவில்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஃப்ளோரிடாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், வரி தனி, என்று வந்தது. மிகப் பிரபலமான சில ரைடுகளுக்கு அதிலும் இடமில்லை. அவற்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும். 2024 ஜூலையில் பெயரை மாற்றி, பல ரைடுக்கு மல்டி பாஸ், ஒரு ரைடுக்கு சிங்கிள் பாஸ் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் பிரீமியர் பாஸ் வந்தது. நேரம் குறிக்காமல் எப்போது வேண்டுமானாலும் வேக வரிசையில் நுழையலாம். அறிமுகத்தின்போது ஃப்ளோரிடாவில் பூங்காவையும் நாளையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை. கணக்கு எளிதாக இருக்க டாலரை 90 ரூபாய் என்று வைத்தால், உச்ச விலை தலைக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம். நுழைவுச் சீட்டு இதில் சேராது.

ஆக 1982-ல் முன்வாசல் வழியாக அனுப்பிய இ சீட்டு, நாற்பது வருஷம் கழித்துக் கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. டிக்கெட் விலை ஏறியதைவிட இது எனக்கு உறுத்தும். விலையேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. இது தெரிவதில்லை.

சரி, நுழைவுச் சீட்டே ஏன் இப்படி ஏறுகிறது?

1955-ன் ஒரு டாலர் இன்றைய விலைவாசியில் பதினொன்று, பன்னிரண்டு டாலருக்குச் சமம். அதே டிஸ்னிலாண்டில் அதிகக் கூட்டமுள்ள நாளின் ஒரு நாள் டிக்கெட் 2024 அக்டோபரில் முதல் முறையாக 200 டாலரைத் தாண்டி 206 ஆனது. மறு வருஷம் 224. அந்தக் காலத்து ஒரு டாலரில் ரைடு சேராது, அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமில்லை. இருந்தாலும் விலைவாசியை மிஞ்சித்தான் ஓடியிருக்கிறது.

காரணங்களில் சிலது நியாயமானவை. ஒரு பெரிய ரைடு கட்டுவது இப்போது நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் வேலை. பராமரிப்பு, இன்சூரன்ஸ், சம்பளம் எல்லாம் ஏறியிருக்கிறது. இன்னொரு காரணத்தை அவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை: விலையைக் கூட்டினாலும் ஆள் வருகிறது. பிள்ளைக்கு எட்டு வயது ஒரு தடவைதான் வரும், அதற்காக அப்பன் கடன் வாங்கியாவது கூட்டிப்போவான் என்று அவர்களுக்குத் தெரியும். கொடுக்கல் வாங்கலில் பேர்போன ஊர் இது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே பூங்கா, ஒரே ராட்டினம். செவ்வாய்க்கு ஒரு விலை, சனிக்கு ஒரு விலை என்றால் எப்படி?

மதுரை மல்லிகை முகூர்த்த நாளில் என்ன விலை, மறுநாள் என்ன விலை? அப்படித்தான். டிஸ்னி இதை அமெரிக்காவில் 2016-ல் ஒரு நாள் டிக்கெட்டுக்குத் தொடங்கியது. 2018-ல் ஃப்ளோரிடாவில் தேதிவாரியாகவே விலை போட்டது. டோக்கியோ 2021-ல் சேர்ந்துகொண்டது. 1983-ல் திறந்தபோது 3,900 யென்னாக இருந்த அந்த ஊர் ஒரு நாள் சீட்டு, 2023 அக்டோபரிலிருந்து 7,900 முதல் 10,900 யென் வரை நாளைப் பொறுத்து மாறுகிறது.

இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் உச்ச விலை 206 ஆனபோதும் குறைந்தபட்ச விலை 2019-ல் இருந்த 104 டாலரிலேயே நின்றது. சரியான நாளைத் தேர்ந்தெடுத்தால் பாதிக்குப் பாதி.

பாஸ் வாங்கினவர்கள் முந்திப் போவதால், வாங்காத நமக்கு வரிசை நீளுகிறதா?

நீளுகிறது. இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினால்தான் நம்புகிறார்கள். ஒரு ரைடில் மணிக்கு 1,200 பேர் ஏறலாம் என்று வையுங்கள். உங்களுக்கு முன்னால் 600 பேர். பாஸ் என்ற ஒன்றே இல்லையென்றால் அரை மணியில் ஏறிவிடுவீர்கள். இப்போது அந்த 1,200 இடத்தில் 800 பாஸ்காரர்களுக்குப் போகிறது. உங்கள் வரிசைக்கு மணிக்கு 400 இடம்தான். அதே 600 பேர் தீர ஒன்றரை மணி நேரம். ரைடு வேகமாகவும் சுற்றவில்லை, இருக்கையும் கூடவில்லை.

"அந்த 800 பேரும் பாஸ் இல்லையென்றால் நம் வரிசையில்தானே நிற்பார்கள், கணக்கு சரியாகிவிடுமே?" என்று ஒரு கணக்கு வாத்தியார் கேட்டார். நல்ல கேள்வி. பாஸ் இல்லாத காலத்தில் ஒரு ஆள் ஒரே நேரத்தில் ஒரு வரிசையில்தான் நிற்க முடியும். இப்போது துண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறது, ஆள் இன்னொரு ரைடு வரிசையில் நிற்கிறார். ஒருவர் இரண்டு இடத்தில் வரிசை பிடிக்கிறார். அதனால் எல்லா வரிசையும் சேர்ந்து வீங்குகிறது. ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக இருந்தபோதும் இந்த வியாதி இருந்தது. அப்போது துண்டு எல்லோர் கையிலும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு மாதிரிதானே?

இதைக் கேட்காத ஆச்சி கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஜாடைதான். திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கு ஆன்லைனில் நாளும் நேரமும் குறிக்கிறோம். நேரம் குறித்த இலவச டோக்கனும் அங்கே உண்டு. சொல்லப்போனால் அந்த இலவச டோக்கன்தான் பழைய ஃபாஸ்ட்பாஸின் அசல் நகல். ஆனால் தர்ம தரிசனத்தில் நிற்பவர் உள்ளே போக ஒன்றும் கொடுக்கவில்லை. தீம் பார்க்கில் சாதா வரிசையில் நிற்பவரும் பல ஆயிரம் கட்டித்தான் உள்ளே வந்திருக்கிறார். காசு கொடுத்தவருக்கே இரண்டாம் பந்தி என்பதுதான் ஆட்களைக் கடுப்பேற்றுகிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதிய பிறகு "முதல் பந்திக்குத் தனியாக எழுதுங்கள்" என்றால் எப்படி இருக்கும்?

சிங்கப்பூர் யுனிவர்சலுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?

எங்கள் கடையில் பாதிக்குப் பாதி இதே கேள்விதான். நம் பக்கத்தில் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. கொண்டு விற்கப் போன காலத்திலிருந்தே தொடர்பு, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலே 1859-ல் எழுந்தது. அதனால் தங்க இடம் இருக்கும், செலவு இந்தப் பூங்காவில்தான் விழும்.

என் பதில்: முதலில் நாளைச் சொல்லுங்கள், பாஸை அப்புறம் பார்க்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல் கடைசியும் மே மாதமும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் பெரிய லீவு ஜூனிலும், நவம்பர் பின்பாதி தொடங்கி டிசம்பரிலும். அதாவது நாம் ஓய்வாக இருக்கும் மே மாதத்து செவ்வாய், புதனில் அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். மே 1, விசாக தினம் போன்ற பொது விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்படி ஒரு வார நாளில் காலை கதவு திறக்கும்போதே வாசலில் நின்றால், நான் பாஸ் வாங்கச் சொல்லவே மாட்டேன். அதில் எனக்கு வரும் கமிஷன் போனாலும் பரவாயில்லை. மே கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போட்டீர்கள் என்றால் அவர்கள் ஜூன் லீவு ஆரம்பித்திருக்கும், கதை மாறிவிடும். ஆயுத பூஜை லீவில் போகிறவர்கள் அக்டோபர் முதல் வாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், சீனாவில் அது தேசிய விடுமுறை வாரம். டிசம்பரிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போவதானால் பாஸ் பற்றிப் பேசலாம்.

எக்ஸ்பிரஸில் இரண்டு வகை. சாதா எக்ஸ்பிரஸ் என்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு தடவை. அன்லிமிடெட் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும். நுழைவுச் சீட்டு சுமார் 80 வெள்ளியிலிருந்து (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). பாஸ் விலை நாளைப் பொறுத்து ஏறி இறங்கும், கூட்ட நாளில் நுழைவுச் சீட்டையே தாண்டிவிடும்.

ஐந்தொகை போட்டுப் பார்க்கலாம். கூட்ட நாளில் பாஸ் இல்லாமல் ஆறு ரைடு ஏறுகிறீர்கள், பாஸ் இருந்தால் பதினொன்று என்று வையுங்கள். பாஸ் 100 வெள்ளி. கூடுதலாகக் கிடைத்த ஐந்து ரைடுக்கு 100 வெள்ளி, ஆக ரைடுக்கு 20 வெள்ளி. வெள்ளி 65 ரூபாய் என்றாலும் ஆளுக்கு ஒரு ரைடுக்கு 1,300 ரூபாய். மூன்று நாலு நிமிஷ ஆட்டம். நாலு பேர் குடும்பம் என்றால் ஒரு ரைடுக்கு ஐயாயிரத்து இருநூறு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகும் "பிள்ளை ஆசைப்படுது, போடுங்க" என்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்கத்தான் செய்கிறேன். வெயிலில் அழும் பிள்ளையோடு ஒன்றரை மணி நேரம் நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறதல்லவா, அதை நான் எழுத முடியாது.

காசில்லாத குறுக்கு வழி ஒன்று உண்டு. சிங்கிள் ரைடர் வரிசை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற ரைடுகளில் ஒற்றை இருக்கை காலியானால் நிரப்பத் தனி வரிசை வைத்திருக்கிறார்கள். சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் வேகமாக நகரும். காலேஜ் படிக்கும் பிள்ளைகளுக்கு அருமையான வழி. குடும்பமாக வருகிறவர்கள் பெரும்பாலும் "சேர்ந்து போகாட்டி எதுக்கு?" என்று மறுத்துவிடுவார்கள். அதுவும் சரிதான்.

இன்னொன்று, சாப்பாடு. நம் ஆட்கள் மணி ஒன்று ஆனால் எங்கிருந்தாலும் சோற்றைத் தேடுவார்கள். எல்லா ஊர்க்காரர்களும் அதே நேரத்தில்தான் தேடுகிறார்கள். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், பந்தி நேரத்தில் ரைடு வரிசை கொஞ்சம் இளைக்கும்.

பாஸ் வாங்கிய நாளில் மழை பெய்தால் பணம் திரும்ப வருமா?

வராது என்றே வைத்துக்கொண்டு வாங்குங்கள். நான் பட்ட கதை ஒன்று. கடல் கடந்த ஒரு பூங்காவுக்கு, பெயர் வேண்டாம், பதினான்கு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். எல்லோருக்கும் வேகப் பாஸ். காலையில் வெயில் நன்றாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்துக்கொண்டு, கடை பார்த்துக்கொண்டு, "பாஸ் கையில் இருக்கு, என்ன அவசரம்" என்று இருந்துவிட்டோம். இரண்டு மணிக்கு இடியும் மின்னலும். மின்னல் என்றால் திறந்தவெளி ரைடு அத்தனையையும் நிறுத்திவிடுவார்கள், பாதுகாப்பு விதி. நாலரை வரைக்கும் திறக்கவில்லை. கவுண்டரில் கேட்டால், பாஸ் விதிமுறையில் வானிலைக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று போட்டிருக்கிறதே என்று காட்டினார்கள். போட்டிருந்தது. படிக்காதது என் தப்பு. பதினான்கு பேரில் பத்துப் பேருடைய பாஸில் பாதிக்கு மேல் மிச்சம். ஊருக்குத் திரும்பும் வரை ஒரு அம்மான் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்வது: பாஸ் இருந்தாலும் திறந்தவெளி ரைடை மதியத்துக்கு முன் முடியுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கம் மத்தியான இடிமழை அடிக்கடி வரும். கூரைக்கு உள்ளே இருப்பவற்றை மிச்சம் வையுங்கள்.

மகள் ஃப்ளோரிடா போகிறாள். லைட்னிங் லேன் எப்படிப் பதிவு செய்வது?

மல்டி பாஸ் வாங்கினால் முன்கூட்டியே மூன்று ரைடுக்கு நேரம் குறிக்கலாம். டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்னதாக, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னதாகத் திறக்கும். பூங்காவுக்குள் போய் ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்த ஒன்றை எடுக்கலாம். திறக்கும் நேரம் அங்கே காலை ஏழு மணி. நம் கணக்கில் கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. மகள் தூங்கட்டும், ஆப்பின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் நீங்களே டீ குடித்துக்கொண்டு இங்கிருந்து போட்டுவிடலாம். ஒரு அப்பச்சி அப்படித்தான் மகள் வீட்டுக்கு முழுப் பயணமும் போட்டுக் கொடுத்தார். தட்கல் போட்டுப் பழகிய விரல்.

கலிஃபோர்னியாவில் முறை வேறு. அங்கே உள்ளே நுழைந்த பிறகு அன்றைக்கன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக நேரம் எடுக்க முடியும்.

எதை முன்பதிவு செய்வது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேர் பெற்ற ரைடு எல்லாவற்றுக்கும் வரிசை நீளம் என்று நினைக்காதீர்கள். கரீபியன் கடற்கொள்ளையர் ரைடில் பெரிய படகுகள் ஓயாமல் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகும், வரிசை இருந்தாலும் நகரும். பீட்டர் பேன் ரைடு சின்னக் கப்பல், கொஞ்சம் பேர்தான் ஏறலாம், அதனால் சாதாரண நாளிலும் அங்கே கூட்டம் தேங்கி நிற்கும். பாஸை இப்படிப்பட்டதற்குச் செலவழிக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரெல்லாம் வேண்டாம், நம் ஊர்ப் பக்கம் சொல்லுங்கள்.

காரைக்குடிக்குக் கிட்டத்தில் என்றால் மதுரை பரவையில் அதிசயம் பூங்கா. காலையில் கிளம்பி ராத்திரி திரும்பலாம். வாண்டர்லா கொச்சியில் 2000-லிருந்து இருக்கிறது, பெங்களூரில் 2005-லிருந்து. சென்னையிலும் 2025 டிசம்பரில் திறந்தார்கள், இனிமேல் பல்லவன் ரயிலில் போய் வரலாம். வாண்டர்லாவில் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் உண்டு, சாதா டிக்கெட்டைவிட நிறையவே கூடுதல். பொங்கல், தீபாவளி லீவிலும் மே மாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் தவிர அதற்குத் தேவை வருவதில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரி வார நாட்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். ஐம்பது பிள்ளைகள் ஒரே ரைடுக்கு முன்னால் நின்றால் ஞாயிறே தேவலை என்று ஆகிவிடும்.

வரி பற்றியும் கேட்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். ஆன்லைனில் ஒரு விலை பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் வேறு விலை வந்தால் பெரும்பாலும் இந்தப் பதினெட்டுதான் காரணம்.

ஐயாவும் ஆயாவும் கூட வருகிறார்கள். அவர்களுக்கும் பாஸ் போடவா?

வேண்டாம். ஐயா இரண்டு ஷோ பார்ப்பார், நிழலாக ஒரு பெஞ்ச் பிடிப்பார், பைகளைப் பார்த்துக்கொள்வார். முழங்கால் வலி என்றால் வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். சக்கர நாற்காலி இருந்தால் வரிசையில் முந்த விடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. அமெரிக்க டிஸ்னியில் அது அப்படியில்லை. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை 2024-ல் இன்னும் இறுக்கி, முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று ஆக்கிவிட்டார்கள்.

கைக்குழந்தை இருந்தால் கேட்க வேண்டியது வேறு: ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் ஆள் மாற்றிக்கொள்ளும் வசதி. மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டாம், காசும் இல்லை. வாசல் ஊழியரிடம் வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

தேன்குழல், சீடை கொண்டுபோகலாமா?

அமெரிக்க டிஸ்னியில் தாராளமாக. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, பலகாரத்துக்குத் தடையில்லை. சிங்கப்பூர் யுனிவர்சலிலும் நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றிலும் வெளிச் சாப்பாடு கூடாது. பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆத்தா கட்டிக்கொடுத்த மாவுருண்டை டப்பாவை வாசலில் விட்டுவிட்டு வருவது பிள்ளைகளுக்கு ரைடு கிடைக்காததைவிடத் துக்கமாக இருக்கும்.

டெலிகிராமில் ஒருவர் பாதி விலைக்கு டிக்கெட் தருகிறார். வாங்கலாமா?

வேண்டாம். பல நாள் டிக்கெட்டில் ஒன்றிரண்டு நாள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தை விற்பது பழைய வித்தை. அமெரிக்க டிஸ்னியில் முதல் நுழைவிலேயே விரலையோ முகத்தையோ டிக்கெட்டோடு சேர்த்துப் பதிந்துவிடுவார்கள், அடுத்த ஆள் நுழைய முடியாது.

கார்டில் கட்டினால் சொன்ன விலையைவிட ஏன் கூட வருகிறது?

வெளிநாட்டுப் பணத்தில் கட்டும்போது பல வங்கிக் கார்டுகள் மூன்றரை சதவீதம் வரை எடுத்து, அதற்கு ஜிஎஸ்டியும் போடும். வங்கியில் கேட்டு, இந்தக் கட்டணம் இல்லாத கார்டு இருந்தால் அதில் கட்டுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவை மொத்தப் பேக்கேஜாக எங்களைப் போன்றவர்களிடம் வாங்கினால் டிசிஎஸ் என்று வருமான வரிக்காக ஒரு தொகையும் பிடிப்போம். அது எங்கள் பைக்குப் போவதில்லை. உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் பட்டியல் தனியாக இருக்கிறது.

பையனுக்கு எட்டு வயது. எல்லா ரைடிலும் ஏற்றுவார்களா?

டிக்கெட் விலைக்குத்தான் வயது. அதுவும் நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் டிக்கெட்டுக்கே உயரம்தான் கணக்கு. ரைடுக்கு எங்கேயும் உயரம்தான். சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் காலாக்டிகாவுக்கு 125. ஒரு செ.மீ. குறைந்தாலும் அழுதாலும் ஏற்ற மாட்டார்கள். ஏற முடியாத ரைடுக்கும் சேர்த்து எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவது சுத்த வீண்.

அதனால் கடைத் தூணில் பென்சிலால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், செருப்பைக் கழற்றி நிறுத்திப் பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம். போன தை மாசம் வந்த ஒரு பையன் நடுக் கோட்டுக்கு ஒரு விரல்கடை குறைவாக இருந்தான். மே மாசப் பயணம். "அதுக்குள்ள வளந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பாதி விடுமுறை நாளில் அவன் அப்பத்தாவோடு வந்து தூணில் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். அவன் பாஸை இன்னும் போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.